இதைச் செய்வது வாரிசின் பொறுப்பு

மனிதகுலம் கணினிக்கு இதுவரை எழுதிக் கொடுத்த நிரல்களில் பிழையே இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மற்றவை எல்லாம், எழுதியவர் எப்பேர்ப்பட்ட மேதையாக இருந்தாலும், எங்கேயாவது ஒரு மூலையில் பல்லை இளித்திருக்கின்றன. பல் இளிக்காத அந்த ஒன்றை எழுதியவர், லிஃப்ட் செய்யும் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பிரிவின் 'தலைமைச் சிற்பி'யாக வீற்றிருந்தார். உளியைத் தொட்டதில்லை. விசைப்பலகையையும் அவ்வளவாகத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவர் கையிலிருந்துதான் அப்பழுக்கற்ற படைப்பு பிறக்க முடியும் என்பது உலகத்துக்கு இன்னும் உறைக்கவில்லை.

அந்தப் பெருமையைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் பெற்றவள், அவருக்குக் கீழே நிரல் எழுதிய ஒரு பெண். எந்த வரியின் கடைசியிலும் அரைப்புள்ளி வைக்க மறக்காதவள் என்பதால் அவளுக்கு அலுவலகத்தில் 'அரைப்புள்ளி' என்றே பெயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அதனால்தான் புள்ளியும் அரையிலேயே நிற்கிறது என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு. அந்தப் பிரிவில் நிரந்தரமானவை இரண்டுதான்: சிற்பி, ஏசியின் முனகல். மற்ற எல்லாரும் தற்காலிகம்.

அரைப்புள்ளிக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. அவள் கணவர் வேறு ஊரில் கணக்கு வாத்தியார். அந்த ஊரிலும் நிறுவனத்துக்கு ஒரு கிளை இருந்தது. ஆனால் இடமாற்றம் நிரந்தரப் பணியாளருக்கு மட்டும்தான். தற்காலிகமாக இருப்பவர்கள் இருக்கிற இடத்திலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. ஆகவே குடித்தனம் போனிலேயே நடந்தது. வாத்தியார் வீட்டில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் மடிக்காத துணி உட்கார்ந்திருக்கும். வருடாந்தர மதிப்பீடு வரும்போதெல்லாம், "துணியை எடுத்துடட்டுமா?" என்று கேட்பார். "இருக்கட்டும்" என்பாள் இவள். இந்த வருடம் நிரந்தரமானால் உண்டு. இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். துணி அந்த நாற்காலியில் வேர்விட்டுவிடும்.

இனி அந்த அமர படைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லிஃப்டை வாங்கிப் போகிறவர்கள் தங்கள் கட்டடத்துக்கு ஏற்றபடி தாங்களே விதி எழுதிக்கொள்ளட்டும் என்று நிறுவனம் சொந்தமாக ஒரு குட்டி மொழி செய்துகொண்டிருந்தது. 'எடை, வரம்பை விடக் குறைவு' என்பது போல ஒரு வரி எழுதினால் போதும், லிஃப்ட் புரிந்துகொண்டு மூடும், ஏறும், திறக்கும். அப்படிப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் 'கோவை' என்று பெயர். பள்ளிக்கூடத்துக் கணக்கில் வரும் அதே கோவைதான். தனி எண் ஒரு கோவை. இரண்டைக் கூட்டினால் அது ஒரு கோவை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டால் அதுவும் கோவை. ஆனால் எந்தக் கோவையிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்படும்: உன் மதிப்பு என்ன?

இத்தனை கோவைகளுக்கும் மூதாதையாக, 'கோவை' என்றே ஒரு பொது வகுப்பு, அதாவது ஒரு பொது அச்சு, வேண்டும் அல்லவா. அதைச் சிற்பி எடுத்துக்கொண்டார். கூட்டல், கழித்தல், ஒப்பீடு, 'அல்லது', 'இல்லை' போன்ற சில்லறை வகுப்புகளை அரைப்புள்ளியிடம் தள்ளினார்.

சில்லறை வேலைகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. பெரிய வேலை அப்படி முடியுமா? பெயர் 'கோவை'யா, 'பொதுக்கோவை'யா, 'மூலக்கோவை'யா என்று ஆராயவே பல கூட்டங்கள் நடந்தன. அதன் பிறகு ஆழ்ந்த மௌனம். சிற்பி கண்ணாடி அறையில் மோவாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எல்லாரும் பார்த்தார்கள். காப்பி உள்ளே போனது, காலிக் கோப்பை வெளியே வந்தது. வேறு எதுவும் வெளியே வரவில்லை. கடைசியில் வருடம் முடியும் தறுவாயில் படைப்பு வந்தது. கணினித் திரைக்குக் குறுக்கே நாடா கட்டி, கத்தரித்துத் திறந்துவைத்தார்கள். உள்ளே இருந்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு கோவைக்கும் 'மதிப்பிடு' என்று ஒரு செயல் இருக்கும். அதன் வயிற்றுக்குள், எப்படி மதிப்பிடுவது என்று சொல்ல வேண்டிய இடத்தில், ஒரே ஒரு வாக்கியம்: 'இதைச் செய்வது வாரிசின் பொறுப்பு.'

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்று மாலை அரைப்புள்ளி இதை வாத்தியாருக்குப் போனில் விளக்கினாள். அடிப்படை வகுப்பு தானாக ஒன்றும் செய்யாது, அதிலிருந்து வாரிசாக வருகிற வகுப்புகள்தான் எல்லாம் செய்யும் என்றாள். இதற்குக் கணினி எதற்கு, தன் பெரியப்பா வீட்டுக்கு ஒரு நடை போய் வந்தாலே போதுமே என்றார் அவர்.

அவள் நியாயக்காரி. "அப்படிச் சொல்லாதீங்க. அது நல்ல ஏற்பாடுதான். எல்லாத்தையும் ஒரே பேரால கூப்பிடலாம், ஒரே கேள்வி கேக்கலாம். என்ன ஒண்ணு, அந்த அடிப்படை வகுப்பை மட்டும் நேரா உருவாக்கக் கூடாது. அதுக்குத்தான் முன்னாடி 'அருவ'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கும். அது இருந்தா மெஷினே விடாது."

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "அதாவது, சொந்தக்காரன் மாதிரி."

"எந்தச் சொந்தக்காரன்?"

"அதைத்தான் சொல்றேன். சித்தப்பா வருவாரு, மாமா வருவாரு, மச்சான் வருவான். எல்லாரும் சொந்தக்காரங்கதான். ஆனா சித்தப்பாவும் இல்லாம மாமாவும் இல்லாம வெறும் 'சொந்தக்காரன்'னு ஒருத்தன் வந்து வாசல்ல நிக்க முடியாது. நின்னா அவனுக்கு என்ன முறை வச்சு என்ன பேசுறது?"

இதைவிடத் தெளிவாகச் சிற்பியே சொல்லியிருக்க மாட்டார். சிற்பி எதையும் தெளிவாகச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், மனிதவளப் பிரிவின் தலைவியான அம்மையார் புதிய மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தார். ஒருவர் எழுதிய வகுப்பிலிருந்து, ஓடும் லிஃப்டுகளில் எத்தனை 'பொருள்கள்' பிறக்கின்றன என்று இயந்திரமே எண்ணிச் சொல்லிவிடும். வகுப்பு என்பது அச்சு என்றால், பொருள் என்பது அதிலிருந்து வார்த்து எடுக்கும் பொம்மை. பொம்மை அதிகம் என்றால் உழைப்பு அதிகம். மனிதர்களை மதிப்பிடும் தொல்லை மனிதர்களுக்கு இல்லாமல் போயிற்று.

அரைப்புள்ளியின் வகுப்புகளில் பொருள்கள் ஈசல் போலப் பிறந்துகொண்டிருந்தன. சிற்பியின் முறை வந்ததும் அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வகுப்புக்குப் பொருளே இல்லைன்னு வருது."

"எது இல்லை?"

"பொருள் சார். பூஜ்யம்."

பூஜ்யம் என்ற சொல்லுக்கு வணக்கத்துக்குரியது என்றும் அர்த்தம் உண்டு. அம்மையார் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்பதைச் சிற்பி உணர்ந்துகொண்டார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரில் உள்ள கூட்டலும் கழித்தலும் பிள்ளை குட்டியோடு பெருகிக் கிடக்க, அத்தனைக்கும் மூலவனான தன் வகுப்பு மட்டும் பிறவியே எடுக்கக் கூடாது என்று எவன் விதித்தான்? தேடிப் பார்த்தபோது, 'அருவ' என்ற சொல் அகப்பட்டது.

சிற்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கியதை அந்தப் பிரிவு முதன்முதலாகக் கண்டது. மதியம் முழுவதும் பாடுபட்டு அந்த ஒரு சொல்லை அழித்தார். அழித்த கை ஓயவில்லை. பிறவிக்கு ஒரு கௌரவமான இடம் வேண்டுமே என்று பார்த்தார். அலுவலகத்திலேயே மாதிரிக்காக ஒரு புதிய லிஃப்ட் மாட்டியிருந்தார்கள். மறுநாள் அடுக்குமாடிகள் கட்டும் பெரிய கட்டடக்காரர் ஒருவர் அதைப் பார்க்க வருகிறார். அந்த லிஃப்டின் கதவு எப்போது திறக்க வேண்டும் என்று அரைப்புள்ளி எழுதியிருந்த விதியை எடுத்துவிட்டு, அங்கே தன் 'கோவை'யை நேரடியாக உட்காரவைத்தார். இரண்டு விரல்களால் தட்டினாலும் எழுத்துப் பிழை இல்லாமல் தட்டினார்.

அரைப்புள்ளி உள்ளே போய், இது விபரீதம், கதவு கேட்கிற கேள்விக்கு வெறும் 'கோவை'க்குப் பதில் சொல்லத் தெரியாதே என்று மென்று முழுங்கிச் சொல்லிப் பார்த்தாள். சிற்பிக்கு முகம் சுருங்கியது. அடிப்படையைப் பற்றிப் பேசத் தற்காலிகப் பணியாளருக்கு உரிமை கிடையாது என்றார். சொன்னதோடு நிற்காமல் அதையே விதியாக்கினார்: அடிப்படை வகுப்பையோ, அது பிறவி எடுத்திருக்கும் கதவையோ, இனி நிரந்தரப் பணியாளர் மட்டுமே தொடலாம். அம்மையார் உடனே கணினியில் பூட்டும் போட்டுக் கொடுத்தார். மதிப்பீடு வாசலில் நிற்கிற நேரத்தில் இதற்கு மேல் பேசினால் துணி நாற்காலியிலேயே தங்கிவிடும் என்று அரைப்புள்ளி வாயை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு 'சொந்தக்காரன்' வர்றான்," என்று மட்டும் போனில் சொன்னாள்.

"தனியாவா?" என்றார் வாத்தியார்.

மறுநாள் கட்டடக்காரர் வந்தார். பெரிய உடம்பு, பெரிய மோதிரம், சின்னக் குரல். சிற்பி ஒருபுறமும் அம்மையார் மறுபுறமும் நிற்க, அவரை நடுவில் நிறுத்தி லிஃப்ட் ஏற்றிக்கொண்டது. கதவு மூடியது. மூடுவதற்கான விதி அரைப்புள்ளி எழுதியது, ஆகவே அதில் குறை எதுவும் இல்லை. லிஃப்ட் மேல்தளத்துக்குப் போய் நின்றது. கதவு, திறக்கலாமா என்று முறைப்படி கேட்டது. லிஃப்டுக்குள் எந்தச் செய்தி வந்தாலும் அதை ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவது அந்த மாதிரியின் சிறப்பு. இனிமையான பெண்குரல் சொன்னது:

"இதைச் செய்வது வாரிசின் பொறுப்பு."

கதவு பொறுமையுள்ளது. மறுபடி கேட்டது. குரல் மறுபடி சொன்னது.

லிஃப்டில் இருந்த அவசரப் போனின் மறுமுனை அரைப்புள்ளியின் மேஜையில் இருந்தது. அவசரங்கள் தற்காலிகமானவை, ஆகவே தற்காலிகப் பணியாளர் கவனித்தால் போதும் என்று முன்பே முடிவாகியிருந்தது. மணி அடித்ததும் எடுத்தாள். முதலில் கேட்டது கட்டடக்காரரின் சின்னக் குரல்.

"அந்த வாரிசு எங்கம்மா இருக்காரு? கொஞ்சம் வரச் சொல்லுங்க."

வாரிசு என்று தனியாக யாரும் இல்லை என்று அவள் விளக்க முயன்றாள். தன் வீட்டிலும் அதே கதைதான் என்று கட்டடக்காரர் பெருமூச்சு விட்டார். மகன் வந்து பார்த்துக்கொள்வான் என்று சொல்லிச் சொல்லித்தான் தன் கிடங்கு ஒன்று பூட்டியே கிடக்கிறதாம். பிறகு போன் சிற்பியின் கைக்கு மாறியது.

"கதவைத் திறங்க."

"சார், திறக்கணும்னா அந்த இடத்துல பழைய விதியைத் திரும்பப் போடணும். ஒரே வரிதான்."

"போடுங்களேன்."

"அதைத் தற்காலிகப் பணியாளர் தொடக் கூடாதுன்னு நேத்து நீங்கதான் சார் விதி போட்டீங்க. பூட்டி இருக்கு."

லிஃப்டின் குரல் மறுபடியும் வாரிசை நினைவூட்டியது. நிரந்தரப் பணியாளர் யாரையாவது கூப்பிடுங்கள் என்றார் சிற்பி. அந்தப் பிரிவில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார், அவர் இப்போது லிஃப்டில் இருக்கிறார் என்று அரைப்புள்ளி மிகுந்த மரியாதையோடு தெரிவித்தாள். பூட்டை எடுத்துவிடலாம் என்றார் அம்மையார். ஆனால் பூட்டின் சாவி அவருடைய கணினியில் இருந்தது. பூட்டை எடுப்பதும் நிரந்தரப் பணியாளர் மட்டுமே செய்யக்கூடியது. அம்மையார் எதையும் பாதியாகச் செய்கிறவர் அல்ல.

"அப்ப அந்தப் பொண்ணை நிரந்தரமாக்குங்க," என்றார் கட்டடக்காரர். "எனக்கு வேர்க்குது."

இவ்வளவு பெரிய யோசனை ஒரு வெளியாளுக்குத் தோன்றியது சிற்பிக்குப் பிடிக்கவில்லை. நிரந்தரமாக்க வேண்டும் என்றால் மதிப்பீட்டுக் கூட்டம் கூட வேண்டும், பிரிவின் தலைவர் வேண்டும், மனிதவளப் பிரிவு வேண்டும், வெளி உறுப்பினர் ஒருவர் வேண்டும் என்று அடுக்கினார். அடுக்கி முடித்ததும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லிஃப்டில் கூட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கைக்கு ஓர் ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நிறுவன வரலாற்றில் குறித்த நேரத்தில் தொடங்கி, எவரும் பாதியில் எழுந்து போகாமல் நடந்த ஒரே கூட்டம் அதுதான். அம்மையார் வரவேற்புரை ஆற்றினார். கட்டடக்காரரை வெளி உறுப்பினராக நியமிக்கும் தீர்மானத்தைக் கட்டடக்காரரே வழிமொழிந்தார். தேநீர் இடைவேளை ஒருமனதாகக் கைவிடப்பட்டது. அரைப்புள்ளி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள். இரண்டு மாடி மேலே, கதவுக்கு அந்தப் பக்கம், அவளுடைய நாற்காலி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அந்தக் கட்டம் வந்தது. அம்மையார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிரிவுத் தலைவர் இப்ப இந்தப் பணியாளரோட வேலையைத் தன் வாயால மதிப்பிடணும். சொல்லுங்க சார்."

சிற்பி வாழ்நாளில் எதையும் தானே மதிப்பிட்டவர் இல்லை. அவளுடைய வகுப்புகளைப் படித்திருந்தால் அல்லவா மதிப்பு சொல்ல முடியும்? கூட்டல் எப்படிக் கூட்டுகிறது, ஒப்பீடு எப்படி ஒப்பிடுகிறது என்று அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. போனில் அவர் வாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"அதாவது... இதைச் செய்வது..."

"வாரிசின் பொறுப்பு," என்று லிஃப்ட் முடித்துவைத்தது.

இருவரும் அவ்வளவு ஒத்திசைவாகப் பேசியதைக் கேட்டு அம்மையாருக்கே ஒரு கணம் மலைப்பாக இருந்ததாம். கட்டடக்காரர் மலைக்கவில்லை. இந்தப் பெட்டியில் மூடின கதவு யார் எழுதியது என்று கேட்டார். அவள் எழுதியது. ஏறினது? அவள் எழுதியது. திறக்காதது மட்டும்? சிற்பி எழுதியது.

"அப்புறம் என்ன மதிப்பீடு வேண்டியிருக்கு. நிரந்தரம். தொறம்மா."

அம்மையார் தன் கைப்பேசியிலேயே ஒப்புதலை அழுத்தினார். அரைப்புள்ளியின் திரையில் பூட்டு நிறம் மாறியது. அவள் உடனே அந்த வரியைப் போட்டிருக்கலாம். போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன சந்தேகம் கேட்டாள்.

"மேடம், கூட்டம் இன்னும் முடியலையே. இடமாற்றத்தையும் இதே தீர்மானத்துல சேர்த்துக்கலாமா?"

"சேர்த்தாச்சு," என்றார் கட்டடக்காரர், அம்மையாரை முந்திக்கொண்டு. வெளி உறுப்பினருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அம்மையார் அதையும் அழுத்தினார்.

அரைப்புள்ளி வரியைப் போட்டாள். கடைசியில் அரைப்புள்ளி வைத்தாள். மேலே கதவு திறந்தது.

கட்டடக்காரர், சட்டை வேர்வையில் உடம்போடு ஒட்டியிருக்க, இறங்கி வந்தார். வந்ததும், லிஃப்டுகளை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். தன்னால் முடியாததை முடியாது என்று வாய்விட்டுச் சொல்கிற ஒன்றை இந்தத் தொழிலில் இப்போதுதான் பார்ப்பதாகவும், ஆனால் பக்கத்திலேயே மாடிப்படியும் கட்டிக்கொள்ளப் போவதாகவும் சொன்னார்.

அன்று மாலை அவள் போன் செய்தபோது வாத்தியார் முதல் மணியிலேயே எடுத்தார்.

"துணியை எடுத்துடுங்க," என்றாள்.

மறுமுனையில் ஏதோ தரையில் பொத்தென்று விழும் சத்தம். "எடுத்தாச்சு. இனிமே உன்னை அரைப்புள்ளின்னு கூப்பிட முடியாது போலிருக்கே. பெரும்புள்ளி ஆயிட்டே."

"அதுக்கு ஒண்ணும் செய்யாம இருக்கணுங்க," என்றாள் அவள்.

சிற்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. லிஃப்டுக்குள் அவர்கள் அடைபட்டிருந்த நேரம் முழுவதும் கதவு ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது அல்லவா. ஒவ்வொரு முறை கேட்டபோதும் 'கோவை' வகுப்பிலிருந்து ஒரு பொருள் புதிதாகப் பிறந்து, பொறுப்பைக் கைகழுவி, மறைந்திருக்கிறது. இயந்திரம் அத்தனையையும் விடாமல் எண்ணிவைத்திருந்தது. மதிப்பீட்டு அறிக்கை வந்தபோது, நிறுவனத்திலேயே அதிகப் பொருள்களைப் படைத்தவர் தலைமைச் சிற்பி என்று தெரிந்தது. கதவு திறக்காததை விசாரிக்கப் போட்ட குழுவும் அவருடைய வகுப்பை வரி வரியாகப் பிரித்துப் பார்த்து, அதில் பிழை எதுவும் இல்லை என்று சான்று கொடுத்தது. பிழை இருக்க அதில் என்ன இருக்கிறது என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். அந்தக் கேள்வி பதிவாகவில்லை.

அவரை 'முதுபெரும் சிற்பி'யாக உயர்த்திப் பாராட்டு விழா எடுத்தார்கள். அரைப்புள்ளி ஊருக்குக் கிளம்பும் நாளும் அதுவே. பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேச்சாளர்கள் எல்லாரும் பேசி முடித்ததும் சிற்பியே அவளைக் கைகாட்டி அழைத்தார். தன்னுடைய படைப்பின் உண்மையான வாரிசு இவள்தான், தான் செய்ததை எல்லாம் இவள் வாயால் கேட்க வேண்டும் என்றார்.

அவள் போய் ஒலிவாங்கியின் முன் நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம சிற்பி ஐயா இந்த நிறுவனத்துக்கு இதுவரைக்கும் செஞ்சது..."

நிறுத்தினாள். சபையைப் பார்த்தாள். சபை அவளைப் பார்த்தது. ஏசி முனகியது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, "நன்றி" என்று சொல்லி வணங்கிவிட்டுப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

முதலில் கைதட்டியவர் சிற்பிதான். அவர் கண்கள் கலங்கியிருந்தன. எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனையோ பாராட்டுரை கேட்டிருக்கேன். எல்லாத்துலயும் எங்கயாவது ஒரு இடத்துல தப்பா ஏதாவது சொல்லிடுவாங்க. இந்தப் பொண்ணு பேசினதுல ஒரு பிழைகூட இல்லை."